செம்புக் காசின் அளவுகோலும் பொற்காசும்

1795 முதல் 1834 வரை ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட தங்கக் காசுகளை அமெரிக்காவின் தொடக்ககாலப் பொற்காசுகள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். பத்து டாலருக்கு ஈகிள், ஐந்து டாலருக்கு அரை ஈகிள், இரண்டரை டாலருக்குக் கால் ஈகிள் என்று மூன்றே வகை. இவற்றை வாங்குவோரிடமும் விற்போரிடமும் இன்று ஆழமாக வேரோடிய ஒரு நம்பிக்கை இருக்கிறது. காசை அடைத்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையின் சீட்டில் 1 முதல் 70க்குள் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்தான் காசின் தரம் என்பது அந்த நம்பிக்கை. 63 என்றால் 62ஐவிட நல்ல காசு, 62 என்றால் 58ஐவிட நல்ல காசு. கையில் பணம் உள்ளவரை மேலே போய் வாங்கு என்பதே புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை. இது தவறான அறிவுரை. நீராவி இயந்திரத்தில் ஒரே சீராக அடித்துக் குவித்த பிற்காலக் காசுகளுக்கு அந்த எண் ஓரளவு பொருந்தக்கூடும். கையால் திருகி அடித்த இந்த நாற்பதாண்டுக் காசுகளுக்குப் பொருந்தாது. பொருந்தாத அளவுகோலைப் பிடித்துத் தொங்குவதால் நல்ல காசுகள் கெட்டுப்போகவும் செய்கின்றன.

அந்த அளவுகோல் பிறந்த கதையிலேயே கோளாறு இருக்கிறது. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949இல் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1793 முதல் 1814 வரை அடித்த பெரிய சென்ட் காசுகளே அதன் பொருள். ஒவ்வொரு அச்சு வகைக்கும் ஓர் அடிப்படை விலை வைத்து, காசின் நிலைக்கு ஓர் எண் கொடுத்து, இரண்டையும் பெருக்கினால் சந்தை விலை வந்துவிடும் என்பது அவர் வகுத்த கணக்கு. 30 என்று மதிப்பிட்ட காசு அடிப்படை விலையைப்போல் முப்பது மடங்கு பெறும். ஆக அந்த எண் அன்றைய செம்புக் காசுச் சந்தையின் விலை வாய்பாடாகத்தான் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே சந்தை அந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விட்டது. கணக்கு செத்துப்போன பிறகும் எண்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. 1977இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் தன் அதிகாரபூர்வத் தர விதிகளில் அவற்றை எல்லா உலோகங்களுக்கும் பொதுவாக்கியது. 1986இல் பி.சி.ஜி.எஸ். என்ற தர நிறுவனமும், அடுத்த ஆண்டு என்.ஜி.சி.யும் அந்த எண்களைச் சீட்டில் அச்சிட்டு, காசோடு சேர்த்து உறையில் அடைத்து முத்திரையிடத் தொடங்கின. செம்புக்கென்று செய்த கோலைப் பொன்மேல் வைக்கலாமா என்ற கேள்வி அந்த வேகத்தில் பின்தங்கிப் போயிற்று.

அந்தக் கேள்வி சின்னக் கேள்வி அல்ல, ஏனென்றால் செம்பும் பொன்னும் வாழ்ந்த வாழ்க்கையே வேறு. சென்ட் காசு கடைக்கும் சந்தைக்கும் சத்திரத்துக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது. அதன் வரலாறு என்பதே தேய்மானத்தின் வரலாறு. முகம் மழுங்கிய காசிலிருந்து முடியிழை தெரியும் காசு வரை எல்லாப் படிகளிலும் அது கிடைக்கிறது. அப்படிப்பட்ட காசுக்குத் தேய்மானத்தை வைத்துப் படிக்கட்டு கட்டியதில் நியாயம் உண்டு. ஐந்து டாலர் பொற்காசோ கூலியாள் ஒருவனின் பல நாள் சம்பாத்தியம். அது பெரும்பாலும் வங்கிப் பெட்டகங்களில் பையோடு கிடந்தது. வணிகர்களின் பெரிய கணக்குகளைத் தீர்க்கக் கைமாறியது. கப்பலேறி வெளிநாடு போயிற்று. அதற்குக் காரணம் சட்டத்திலேயே இருந்தது. 1792ஆம் ஆண்டு நாணயச் சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று விகிதம் வகுத்தது. ஐரோப்பாவில் தங்கத்துக்கு அதைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. பிரான்ஸ் 1803இல் வகுத்த விகிதம் பதினைந்தரை. எனவே அமெரிக்கப் பொற்காசை வெளிநாட்டுக்கு அனுப்பி உருக்கினாலே லாபம். ஈகிள் அடிப்பது 1804இல் நிறுத்தப்பட்டது. 1834இல் விகிதத்தைப் பதினாறாக்கி, அரை ஈகிளின் எடையை 135 கிரெய்னிலிருந்து 129 கிரெய்னாகக் குறைத்து, மாற்றையும் கொஞ்சம் இறக்கினார்கள். அதன்பின் பழைய ஐந்து டாலர் காசில் இருந்த பொன்னின் மதிப்பு புதுக் கணக்கில் ஐந்து டாலர் 33 சென்ட். யார்தான் உருக்காமல் வைத்திருப்பார்கள்? 1822ஆம் ஆண்டுக் கணக்கில் 17,796 அரை ஈகிள்கள் பதிவாகியிருக்கின்றன; இன்று அந்த ஆண்டு பொறித்த காசு மூன்றுதான் இருப்பதாகத் தெரிகிறது.

இதனால் விளைவது என்ன என்று பார்க்க வேண்டும். எஞ்சிய பொற்காசுகள் பெரும்பாலும் உலையிலிருந்து தப்பியவை. கைமாறித் தேய்ந்தவை குறைவு. அவற்றில் மிகப் பல, எழுபது படிகள் கொண்ட ஏணியில் 50க்கும் 64க்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த நெருக்கடியான இடம்தான் ஏணியின் ஆட்டம் காணும் பகுதியும்கூட. 58 என்றால் மேடான இடங்களில் மிக மெல்லிய உரசல். 60உம் அதற்கு மேலும் என்றால் தேய்மானமே இல்லை என்பது விதி. அலமாரித் தட்டில் இரண்டு தலைமுறை காலம் அங்குமிங்கும் நகர்ந்ததால் கன்னத்தில் லேசாக உரசிய காசு 58 ஆகிறது. பையில் மற்றக் காசுகளோடு மோதி முகமெல்லாம் வெட்டுப்பட்டாலும் உரசல் இல்லாத காசு 61 ஆகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது அழகு, எது தன் பிறந்த நிலைக்கு நெருக்கமானது என்பதில் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் பலர் தயங்க மாட்டார்கள். விலை மட்டும் தலைகீழாக நிற்கிறது.

தேய்மானத்தையாவது அந்த எண் சரியாகப் பிடிக்கிறதா என்றால், காசு அடிக்கப்பட்ட விதம் அதற்கும் குறுக்கே நிற்கிறது. பொன்னைத் தகடாக உருட்டி, வில்லைகளாக வெட்டி, ஒவ்வொரு வில்லையையும் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தால் மறுபடி உலைக்குப் போகும். கூடினால் வில்லையின் முகத்தை அரத்தால் அராவிச் சரிசெய்வார்கள். சட்டம் அந்த அளவுக்குக் கண்டிப்பாக இருந்தது: மோசடி நோக்கத்தோடு மாற்றிலோ எடையிலோ குறைந்த பொற்காசு வெளிவரச் செய்யும் நாணயச்சாலை அதிகாரிக்கு 1792ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது மரண தண்டனை. அராவிய வில்லையைத் திருகு அச்சில் வைத்து மனிதக் கைகள் சுழற்றி அடித்தன. அடியின் வேகத்தில் பொன் குழைந்து அச்சின் பள்ளங்களை நிரப்பும்போது அரத்தின் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் ஒரு பக்கம் சுதந்திர தேவியின் கூந்தல், அதற்கு நேர் பின்னால் கழுகின் மார்பு என்று இரண்டு பக்கமும் ஆழமாக வெட்டிய இடத்தில், நிரப்பும் அளவுக்கு உலோகம் போதாது. அங்கே கோடுகள் அப்படியே தங்கிவிடும். விளிம்பின் பல் வரிசையிலும் தங்கும். அதே காரணத்தால் கூந்தலின் நடுப்பகுதி தட்டையாகவும் நிற்கும். அது தேய்ந்ததால் வந்த தட்டை அல்ல. அந்த இழைகள் ஒருநாளும் உருவாகவே இல்லை.

அச்சுகளின் கதையும் இதோடு சேர்ந்தது. ராபர்ட் ஸ்காட் போன்ற செதுக்குநர்களின் பட்டறையில் அச்சு செய்வது செலவும் உழைப்பும் பிடித்த வேலை. விரிசல் விட்டாலும் மழுங்கினாலும் உடையும் வரை அச்சைப் பயன்படுத்தினார்கள். ஆண்டு முடிந்தாலும் தூக்கி எறியவில்லை. 1801 என்று பொறித்த அரை ஈகிள் ஒன்றுகூடக் கிடையாது. 1802 என்று பொறித்தவற்றிலோ 2க்கு அடியில் பழைய 1 எட்டிப் பார்க்கிறது. 1803இல் 3க்கு அடியில் 2. இப்படி முதிர்ந்த அச்சில் அடித்த காசு நாணயச்சாலையின் வாசலைத் தாண்டும்போதே எழுத்தோரங்கள் கரைந்த தோற்றத்தோடு வெளிவந்தது. வில்லையின் அராவல், அடியின் வலிமை, அச்சின் வயது, அதன்பின் காசு பட்ட பாடு ஆகிய நான்கும் ஒன்றையொன்று சாராதவை. நான்கையும் ஒரே எண்ணுக்குள் திணித்தால், எந்தக் குறை எங்கிருந்து வந்தது என்ற செய்தி காணாமல் போகிறது. நாணயவியலின் வேலையே அந்தச் செய்தியைப் படிப்பதுதான்.

அராவிய கோடுகளைப் பற்றிய பொதுக் கருத்துக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டும். அவை பிறவிக் கோடுகள் என்று தர நிறுவனங்களும் ஒப்புக்கொள்கின்றன. அவற்றுக்காகக் காசைச் சேதமுற்றது என்று ஒதுக்குவதில்லை. ஆனாலும் கோடுகள் கண்ணை உறுத்தினால் எண்ணில் கை வைக்கிறார்கள். வாங்குகிறவரும் விலையை இறக்கிக் கேட்கிறார். கோடில்லாத காசை ஒருவர் விரும்பலாம். அது அவர் ரசனை, அதில் எனக்குச் சண்டையில்லை. பாதுகாப்பின் தரத்தைச் சொல்வதாக உரிமை கோரும் ஓர் எண்ணில் அந்த ரசனையைக் கலப்பதைத்தான் எதிர்க்கிறேன். பிறவிக் கோட்டையும் பின்னால் பட்ட கீறலையும் பிரித்தறிவது மந்திரமும் அல்ல. அராவிய கோடு உருவத்துக்கு அடியில் கிடக்கும். மேலே அடித்த அச்சின் அழுத்தத்தில் அதன் ஓரங்கள் அமுங்கியிருக்கும். உருவம் முழுமையாக எழும்பிய இடத்தில் அறுந்துபோகும். பின்னால் பட்ட கீறல் உருவத்தின் மேலேறி அதை அறுத்துக்கொண்டு போகும்; அதன் கரையில் உலோகம் பிதுங்கி நிற்கும். நல்ல உருப்பெருக்கியும் சாய்வான ஒளியும் இருந்தால், பொறுமையுள்ள எவரும் பழகிக்கொள்ளக்கூடிய பார்வை இது. சீட்டில் உள்ள எண்ணோ இதைக் கற்றுக்கொள்ளும் தேவையே இல்லை என்று வாங்குகிறவரை நம்பவைக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய கேடு காசின் மேற்பரப்பில் நடக்கிறது. இந்தக் காசுகளின் பொன் பன்னிரண்டில் பதினோரு பங்கு தூய்மை உடையது. நம் நகைக்கடைகளில் 916 என்று முத்திரையிடும் அதே இருபத்திரண்டு காரட் மாற்று. மீதி ஒரு பங்கில் வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும். அந்தக் கலப்புதான் இருநூறு ஆண்டுகளில் மெல்ல நிறம் மாறி, காசுக்குக் காசு வேறுபடும் ஓர் ஆழ்ந்த சாயலைத் தருகிறது. சிலவற்றில் பசுமை கலந்த மஞ்சள், சிலவற்றில் செம்மை. எழுத்துகளின் மூலைகளில் பழைய அழுக்கு ஒடுங்கியிருக்கும். அடிபட்டபோது உலோகம் ஓடிய ஓட்டத்தால் உண்டான நுண்வரிகள் சாயலுக்கு அடியிலிருந்து ஒளியைச் சுழற்றிக் காட்டும். இந்தத் தோல் ஒருமுறை போனால் திரும்பாது. ஆனால் 62க்கும் 63க்கும் நடுவே பெரிய விலை இடைவெளி இருக்கும்போது, அமிலத்தில் முக்கியெடுத்துப் பளிச்சென்று ஆக்கினால் ஒரு புள்ளி ஏறுமா என்று பார்க்கும் ஆசை விற்பவருக்கு வராமலா இருக்கும்? கீறலுக்குள் பசை நிரப்புகிறார்கள். லேசர் கதிரால் மேற்பரப்பை உருக்கிக் கீறலை மூடுகிறார்கள். உறையை உடைத்து, காசை மறுபடி மறுபடி அனுப்பி, மேல் எண் கிடைக்கும்வரை முயல்கிறார்கள். 2010இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமே, இப்படித் திருத்திய காசுகளைத் தன்னிடம் தரத்துக்கு அனுப்பியதாகச் சில வியாபாரிகள்மீது வழக்குத் தொடுத்தது. புளி போட்டுத் துலக்கிய பழைய செம்பு பளிச்சென்றுதான் இருக்கும். அதைப் புதுச் செம்பு என்று நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. பொற்காசு விஷயத்தில் பளிச்சிடுவதைப் புதுமை என்று எண்ணிட்டு விற்க முடிகிறது. ஒரு காசு பிழைத்து வந்த நிலையை அளப்பதாகச் சொல்லும் ஏற்பாடே அந்த நிலையைக் குலைப்பதற்கு ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு மறுமொழியாக முதலில் சொல்லப்படுவது, உறைகள் வருவதற்கு முன்பு நிலைமை இன்னும் மோசமாக இருந்தது என்பது. அது உண்மை. விற்பவரே தன் காசுக்குத் தரம் சொல்லிக்கொண்டார். போலிகள் தாராளமாகப் புழங்கின. நகையில் கோத்த வளையத்தை எடுத்து அடைத்த காசை முழுக் காசு என்று விற்றார்கள். தர நிறுவனங்கள் வந்தபின் போலிகளின் ஆபத்து வெகுவாகக் குறைந்தது, அதற்காக அவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த வாதம் இரண்டு தனித்தனிச் சேவைகளை ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. காசு அசலா போலியா என்பது ஆம், இல்லை என்று முடியும் கேள்வி. அதற்குத் தவறினால் பொறுப்பேற்கும் நிறுவனம் தேவை. 61ஆ 62ஆ என்பது கருத்து. முன்னதற்காக நாம் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பின்னதற்கும் அப்படியே நீட்டிக்கொடுப்பதுதான் பிழை.

பல்லாயிரம் காசுகளைப் பார்த்த நிபுணர்கள் போடும் எண்ணை நாம் எப்படி மறுக்கலாம் என்பது அடுத்த கேள்வி. நிபுணத்துவத்தை நான் மறுக்கவில்லை. அதே நிபுணர்களின் உலகிலிருந்து வந்த ஒரு சாட்சியத்தையே எடுத்துக்கொள்கிறேன். பி.சி.ஜி.எஸ். நிறுவனர்களில் ஒருவரும், பிறகு என்.ஜி.சி.யைத் தொடங்கியவருமான ஜான் ஆல்பனீஸ் 2007இல் சி.ஏ.சி. என்ற இன்னொரு நிறுவனத்தை உருவாக்கினார். ஏற்கெனவே எண் பெற்று உறையில் இருக்கும் காசை மறுபடி பார்த்து, அந்த எண்ணுக்கு அது உறுதியாகத் தகுதியானது என்றால் உறையின்மேல் பச்சை நிற ஒட்டுவில்லை ஒன்றை ஒட்டுவது அதன் வேலை. ஒட்டுவில்லை உள்ள காசுக்கு அதே எண் கொண்ட மற்றக் காசைவிடக் கூடுதல் விலை கிடைக்கிறது. எண் தன் வேலையைச் செய்திருந்தால் இந்த ஒட்டுவில்லைக்கு என்ன தேவை? ஒரே எண்ணுக்குள் தகுதியானதும் தகுதியற்றதும் கலந்து கிடக்கின்றன என்பதைச் சந்தையே பணம் கொடுத்து ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஒப்புதலுக்குப் பிறகும் எண்ணே தரம் என்று ஓதிக்கொண்டிருப்பதற்கு ஆதாரம் மிச்சமில்லை. ஒட்டுவில்லையும் ஒருவரின் கருத்துதான் என்பதையும் மறக்க வேண்டாம். நான் அதைத் தீர்வாகச் சொல்லவில்லை, சாட்சியாகவே அழைக்கிறேன்.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மாறாத மேற்பரப்பு என்று பேசுவது வெறும் ஏக்கம்; இருநூறு ஆண்டுகளில் எந்தப் பொற்காசு ஒருமுறையாவது துடைக்கப்படாமல், கழுவப்படாமல் தப்பியது? அதை எப்படி நிரூபிப்பாய்? ஒரு நேர்மையான சேகரிப்பாளர் இப்படிக் கேட்டால் அதில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். முற்றிலும் தொடப்படாத தொடக்ககாலப் பொற்காசு அபூர்வம். ஆனால் இது படிப்படியான கேள்வி. முழுமையாக நிரூபிக்க முடியாது என்பதால் ஒப்பிட முடியாது என்றாகிவிடாது. பள்ளமான இடங்களில் பழைய அழுக்கு இருக்கிறதா, மேட்டிலும் பள்ளத்திலும் நிறம் இயல்பாக வேறுபடுகிறதா, சாய்வொளியில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரிகின்றனவா, ஒளி சுழல்கிறதா அல்லது கண்ணாடிபோல் ஓரிடத்தில் மின்னி அணைகிறதா என்பவை கண்ணால் காணக்கூடிய தடயங்கள். இரண்டு பேர் ஒரே காசை வைத்து இவற்றைப்பற்றி வாதாடி ஒரு முடிவுக்கு வர முடியும். 61ஆ 62ஆ என்பதற்கு அப்படி வாதாடிச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஏன் 62 என்று சீட்டு ஒருபோதும் காரணம் சொல்வதில்லை.

எண் இல்லாவிட்டால் சந்தை நடக்காது, புதியவர் ஏமாறுவார் என்கிறார்கள். 2021 மார்ச்சில், தனியார் கையில் உள்ள ஒரே 1822 அரை ஈகிள் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதன் எண் வெறும் 50. அங்கே அரிதான தன்மைதான் விலையைப் பேசியது, தரம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பதால் வேறெங்கும் வாங்க வழியில்லை. என்றாலும் எண்ணின் தயவில்லாமல் சந்தை பிழைக்கும் என்பதற்கு அது போதிய சான்று. புதியவரைப் பொறுத்தவரை, எண் அவருக்குத் தருவது பாதுகாப்பு போன்ற ஓர் உணர்வு. தர நிறுவனங்களின் கை ஒரு காலத்தில் இறுகுகிறது, ஒரு காலத்தில் தளர்கிறது. முன்பு 58 என்று உறையிட்ட காசுகள் பின்னர் 61, 62 என்று மறுபடி வெளிவந்த கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தளர்ந்த காலத்தில் எண்ணுக்காகப் பணம் கொடுத்தவர் விற்கப்போகும் நாளில் அந்த வித்தியாசத்தைத் தன் பையிலிருந்து கட்டுகிறார். எந்த நிறுவனத்திடம் எத்தனை காசுகள் எந்த எண்ணில் வந்தன என்று வெளியிடும் கணக்கும், உடைத்து மறுபடி அனுப்பிய காசுகளை இரண்டு மூன்று முறை எண்ணிவிடுகிறது. அந்த எண்ணிக்கையை நம்பி அபூர்வம் என்றோ மலிவு என்றோ முடிவு கட்டுவது மணலில் சுவர் எழுப்புவதுதான்.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. ஹாரி பாஸ் என்ற டெக்சாஸ் சேகரிப்பாளர் ஒரே ஆண்டுக் காசையே முன்பக்க, பின்பக்க அச்சுகளின் சேர்க்கை வாரியாக, அச்சு முதிர்ந்த நிலை வாரியாகத் தேடி வாங்கி ஒப்பிட்டார். அவர் மறைந்தபின், அவருடைய குறிப்புகளைக்கொண்டு ஜான் டான்ராய்தர் 2006இல் வெளியிட்ட நூல் 1795 முதல் 1834 வரையிலான ஒவ்வொரு அச்சுச் சேர்க்கைக்கும் தனி அடையாளம் தந்துவிட்டது. ஏலப் பட்டியலில் ஒரு தொடக்ககாலப் பொற்காசை விவரிக்கும்போது அந்த அச்சுச் சேர்க்கை எது, அச்சு எந்த வயதில் இருந்தது, அடி எங்கே வலுவாக விழுந்து எங்கே சறுக்கியது, அராவிய கோடுகள் எங்கே, மேற்பரப்பில் இயல்பான தோல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பின்னாளில் யார் கை எங்கே பட்டது என்று ஆறேழு வாக்கியங்களில் எழுத முடியும். எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த வாக்கியங்களைத் தாண்டிக் குதித்து வாசகர் எண்ணுக்குப் போவதுதான் சிக்கல். காசின் விளிம்பையும் படமெடுத்துப் போட வேண்டும். பெரும்பாலான காசுகளில் அது அடிப்பதற்கு முன்பே தனி இயந்திரத்தில் உருட்டி வரிப்பள்ளம் போட்ட விளிம்பு. நகை வளையம் பற்றவைத்த தழும்பும், அதை அரத்தால் தேய்த்து மறைத்த தடமும் முதலில் தெரிவது அங்கேதான். காசைச் சுற்றிலும் கவ்விப் பிடித்த பழைய உறைகளில் அந்த விளிம்பு வெளியே தெரிவதே இல்லை. அப்படிப்பட்ட உறையில் இருக்கும் காசுக்குப் பெரிய தொகை கேட்கும் விற்பனையாளரிடம் விளிம்பின் படத்தைக் கேட்டு வாங்குவது வாங்குகிறவரின் உரிமை. கொடுக்க மறுத்தால், சீட்டில் 64 என்று இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடலாம்.